எலுமிச்சை அழகி: ஓர் இலையில் ஒரு வாழ்வு

வீட்டு முற்றத்தில் எலுமிச்சையோ கறிவேப்பிலையோ வளர்ப்போர் அனைவரும் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். தளிர் இலைமீது பறவையின் எச்சம் போன்று ஏதோ ஒட்டியிருக்கும். அருவருப்புடன் இலையைக் கிள்ளி எறிந்துவிடுவோம். நாமும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்து வந்தோம். ஒருநாள் அந்த 'எச்சம்' மெல்ல நகரக் கண்டபோதுதான், அது ஓர் உயிர் என்பதும், நம் கண்ணை ஏமாற்றுவதே அதன் தற்காப்பு என்பதும் புலப்பட்டன.

அதுவே எலுமிச்சை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சியின் இளம்பருவம். 'பாப்பிலியோ டெமோலியஸ்' என்னும் அறிவியற் பெயரை இதற்குச் சூட்டியவர் சுவீடன் நாட்டறிஞர் லின்னேயஸ், ஆண்டு 1758. கருமையும் வெளிர் மஞ்சளும் கலந்த சிறகுகளை விரித்தால் 8 முதல் 10 செ.மீ. வரை இருக்கும். பின்சிறகின் ஓரத்தில் செங்கல் நிறப் புள்ளியொன்று உண்டு. இதன் இனத்தவை பலவற்றுக்கும் பின்சிறகில் வால் போன்ற நீட்சி இருக்க, இதற்கு அது இல்லை.

பெண் பூச்சி முட்டையிடும் முறை வியப்புக்குரியது. வண்ணத்துப்பூச்சிகளுக்குக் கால்களிலும் சுவையறியும் உறுப்புகள் உள்ளன. இலைமீது கால்களால் தட்டித் தன் மகவுக்கு ஏற்ற உணவுதானா என்று சோதித்தறிந்த பின்னரே, எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை, வில்வம் முதலியவற்றின் தளிர்களில் மஞ்சள் நிற முட்டைகளைத் தனித்தனியே இடுகிறது. சில நாட்களில் வெளிவரும் புழு, முதலில் தன் முட்டை ஓட்டையே உண்கிறது.

புழு ஐந்து பருவங்களைக் கடந்து வளர்கிறது. முதல் நான்கில் எச்சத்தின் தோற்றம். உடல் பருத்த ஐந்தாம் பருவத்தில் அவ்வேடம் பொருந்தாது. எனவே இலையோடு இலையாகப் பச்சை நிறம் பூணுகிறது. அதைத் தீண்டிப் பார்த்தால், தலைக்குப் பின்னிருந்து கவை வடிவிலான உறுப்பொன்று சட்டென வெளிப்பட்டுக் கடும் நாற்றம் பரப்பும். எறும்பு போன்ற சிறு பகைவரை விரட்ட அதுவே ஆயுதம்.

பின்னர் உணவைத் துறந்து, தண்டொன்றில் பட்டு நூலால் தன்னைப் பிணைத்துக்கொண்டு கூட்டுப்புழுவாகிறது. அக்கூடு சூழலுக்கேற்பப் பச்சையாகவோ பழுப்பாகவோ அமையும். முட்டை தொடங்கிச் சிறகு விரியும் வரை ஏறத்தாழ ஒரு மாதம் ஆகிறது. பருவநிலைக்கேற்ப இது கூடும், குறையும். வெளிவந்த பூச்சி, சுருங்கிய சிறகுகளுக்குள் உடல் நீரைச் செலுத்தி விரித்து, உலர்த்திய பின்னரே பறக்கிறது. இலையை மென்ற வாய் மறைந்து, தேனுறிஞ்சும் குழல் வந்துவிடுகிறது. மலரில் தேனருந்தும்போதும் இதன் முன்சிறகுகள் துடித்துக்கொண்டே இருக்கும். ஆண்கள் ஈரமண்ணில் அமர்ந்து உப்புச்சத்தை உறிஞ்சும்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது: இது அழகியா, தீங்குயிரா? இரண்டுமே உண்மை. ஆசியாவைத் தாயகமாகக் கொண்ட இப்பூச்சி, 2004இல் டொமினிக்கன் குடியரசில் காணப்பட்டபோது அங்குள்ள எலுமிச்சை வகைப் பயிர்களுக்கு அச்சுறுத்தலாகக் கருதப்பட்டது. நாற்றங்காலின் இளங்கன்றை ஒருசில புழுக்களே மொட்டையடித்துவிடும். ஆனால், வளர்ந்த மரம் சில தளிர்களை இழந்தாலும் மீண்டும் துளிர்க்கும். பறவைகளும், முட்டையிலும் கூட்டிலும் தம் குஞ்சுகளை வளர்க்கும் நுண்குளவிகளும் பெரும்பாலானவற்றைச் சிறகு முளைக்குமுன்பே அழித்துவிடுகின்றன.

ஆகவே இளங்கன்றில் புழுவைக் கண்டால், அதை இலையோடு எடுத்து அதே இனத்து வளர்ந்த மரத்தில் விட்டுவிடுவது போதுமானது. நஞ்சு தெளித்தால் புழுவோடு, அதைக் கட்டுப்படுத்தும் குளவியும் மடிகிறது. அந்நஞ்சின் எச்சம் நம் தாளிப்புச் சட்டிக்கும் வந்து சேரலாம்.

அரபு மொழியில் 'ஃபராஷா' என்னும் ஒரே சொல் வண்ணத்துப்பூச்சியையும் விளக்கைச் சுற்றும் விட்டிலையும் குறிக்கும். மொழி ஒன்றாகக் கண்டவற்றைக் கண் வேறாகக் காண்கிறது. கண் வேறாகக் கண்ட புழுவும் பூச்சியுமோ உண்மையில் ஒன்றே. சிறகை இரசித்துப் புழுவை நசுக்குவோர், தாம் இரசிப்பதையே நசுக்குகின்றனர். இலையைக் கிள்ளுமுன் ஒரு கணம் உற்று நோக்குவோம்.