உஷார்! ஃபாயில் பொட்டலத்தைப் பிரிக்காமல் தூங்கப் போகாதீர்கள்

ஓக் ட்ரீ ரோட்டில் காய்கறி வாங்கி வந்து, கோழி, உருளைக்கிழங்கு, குடைமிளகாய், வெங்காயம் எல்லாவற்றையும் மசாலாவில் பிரட்டி, அலுமினிய ஃபாயிலில் மடித்து அவனில் வைக்கும் பழக்கம் நியூ ஜெர்சியின் ஐசலினில் நம்மவர்கள் பலருக்கும் உண்டு. எண்ணெய் குறைவு, பாத்திரம் தேய்க்கும் வேலையும் மிச்சம். நல்லதுதான். ஆனால் மிஞ்சிய பொட்டலத்தை அப்படியே கவுண்டரில் விட்டு, "காலையில் ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம்" என்று படுக்கப் போகிறீர்களே, ஆபத்து அங்கேதான் இருக்கிறது!

1994 ஏப்ரலில் டெக்சாஸ் மாநிலம் எல் பாசோவில் ஒரு கிரேக்க உணவகத்தில் சாப்பிட்ட 30 பேரை பாட்டுலிசம் என்னும் கொடிய நரம்பு நச்சு நோய் தாக்கியது. அவர்களில் 4 பேருக்கு மூச்சுவிடவே இயந்திரம் வைக்க வேண்டியதாயிற்று. விசாரித்தபோது சிக்கியது உருளைக்கிழங்கு. ஃபாயில் சுற்றி வேகவைத்த கிழங்கை, சுற்றியது சுற்றியபடி வெளியிலேயே வைத்திருந்து, பிறகு மசித்துத் தொட்டுக்கொள்ளப் பரிமாறியிருக்கிறார்கள். கிழங்கு நாள்கணக்கில் அப்படிக் கிடந்ததாகத் தெரிகிறது. மறுநாள் மசாலாவுக்கு ஆகும் என்று நாம் கிழங்கை எடுத்து வைப்பதும் இதே கதைதான்.

எப்படி நடக்கிறது? இந்த நோய்க்கான நஞ்சை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் மண்ணில் இருப்பவை; கிழங்கின் தோலோடு வீட்டுக்குள் வருகின்றன. அவன் 400 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினாலும், ஈரமுள்ள கிழங்கின் உள்ளே 212-ஐத் தாண்டாது. அந்தச் சூட்டில் கிழங்கு வெந்துவிடும், வித்து சாகாது. ஃபாயில் காற்றை உள்ளே விடாது, ஈரத்தை வெளியே விடாது. பொட்டலம் ஆறி வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது வித்து முளைத்து நஞ்சைக் கக்குகிறது. முகர்ந்து பார்த்தோ ருசித்துப் பார்த்தோ அதைக் கண்டுபிடிக்க முடியாது. மைக்ரோவேவில் ஒரு நிமிடம் சுட வைத்தால் சரியாகிவிடும் என்று நம்பவும் கூடாது. ஃபாயிலோடு மைக்ரோவேவில் வைத்தால் தீப்பொறி பறக்கும், அது வேறு.

ஆகவே இவற்றைக் கடைப்பிடியுங்கள்:

• அவனிலிருந்து எடுத்ததும் பொட்டலத்தைப் பிரியுங்கள். ஆவி கையைச் சுடும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு திறங்கள்.

• மிச்சத்தை ஃபாயிலிலிருந்து எடுத்து, அகலமான தட்டையான டப்பாவில் போட்டு 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். பார்க்கில் கிரில் போடும் நாளில் வெயில் 90 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான் கெடு.

• கோழி வெந்ததா என்று நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். தெர்மாமீட்டரைக் கறியின் தடித்த பகுதியில் குத்திப் பாருங்கள். 165 டிகிரி காட்ட வேண்டும்.

• புளி, எலுமிச்சை, தக்காளி, உப்பு தூக்கலான மசாலா என்றால் ஃபாயிலில் நேரடியாக வைக்க வேண்டாம். அலுமினியம் உணவில் இறங்கும். உள்ளே பார்ச்மென்ட் காகிதம் விரித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்தில் தொடங்கும். சிலருக்குச் சில நாட்கள்கூட ஆகலாம். பார்வை இரண்டிரண்டாகத் தெரியும், இமை தொங்கும், நாக்கு குழறும், விழுங்க முடியாது. பிறகு பலவீனம் கை கால்களுக்கு இறங்கும், மூச்சு முட்டும். அசதி என்று படுக்க வைக்காதீர்கள். உடனே 911. என்ன சாப்பிட்டார், அது எவ்வளவு நேரம் வெளியில் இருந்தது என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மாற்று மருந்து உண்டு. ஆனால் அது நஞ்சு மேலும் பரவாமல் தடுக்குமே தவிர, ஏற்கெனவே செயலிழந்த நரம்பை மீட்காது. அதனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, மாமியாரிடமும் இதைச் சொல்லி வையுங்கள். ராத்திரி முழுக்க வெளியில் கிடந்த பொட்டலம் கண்ணில் பட்டால், "வீணாகிறதே" என்று யோசிக்காமல் குப்பையில் போடுங்கள்!