கையெழுத்து ஆலோசகருடையது, பொறுப்பு துறைமுகத்துடையது

2017 ஜனவரி 28 அதிகாலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் ஆகிய இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் மாசு எதுவும் இல்லை என்றுதான் துறைமுகத்தின் முதல் அறிவிப்பு வந்தது. அடுத்த சில நாள்களில் எர்ணாவூர் கரைப் பாறைகளுக்கிடையே தேங்கிய கருங்கசடை மாணவர்களும் தன்னார்வலர்களும் வாளி வாளியாக அள்ளினார்கள். 700 டன் வரையிலான கசிவைத் துறைமுகமே தன் ஆள்பலம், கருவிகளோடு சமாளிக்க வேண்டும் என்பது கடலோரக் காவல்படையின் தேசியத் திட்டம். அந்தக் கரையில் மக்கள் பார்த்ததோ வாளிகளைத்தான்.

பொறுப்பு நழுவும் இதே ஆபத்து அன்றாடக் கண்காணிப்பிலும் உண்டு. துறைமுகங்கள் சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனங்களை டெண்டர் மூலம் பட்டியலில் சேர்த்துவைத்து, தேவைப்படும்போது மட்டும் அழைப்பது வழக்கம். சுற்றுச்சூழல் அனுமதிக்கான ஆய்வறிக்கை, தூர்வாரும்போது நீர்ச் சோதனை, நிலக்கரித் தூசு அளவீடு, அரையாண்டு அறிக்கை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேலை உத்தரவு. இதில் தவறில்லை. கடல் உயிரியலுக்கும் காற்று மாசுக்கும் இரைச்சலுக்கும் தனித்தனி நிபுணரைச் சம்பளத்தில் வைத்துக்கொள்வது எல்லாத் துறைமுகத்துக்கும் முடியாது. ஆனால் அழைத்தால்தான் வருவார் என்றால், அழைக்காத மாதத்தில் யார் பார்ப்பது? அளவு மீறினால் எத்தனை மணி நேரத்துக்குள் வர வேண்டும், மூலத் தரவு யாரிடம் இருக்கும், அனுமதி வாங்கித் தந்த நிறுவனமே கண்காணிப்பையும் செய்யலாமா என்பதெல்லாம் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். அனுமதியின் நிபந்தனைகள் கட்டுப்படுத்துவது துறைமுகத்தை. ஆலோசகர் சொன்னார் என்று அது ஒதுங்கிக்கொள்ள முடியாது.

2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, தவறான தகவலை வேண்டுமென்றே கொடுத்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். கொடுத்த அனுமதியும் ரத்தாகலாம். அதனால் ஆய்வறிக்கை கையில் கிடைத்தால், ஆலோசனை நிறுவனத்துக்கான நேபெட் (NABET) அங்கீகாரச் சான்று எந்தத் துறைக்கு, எந்தத் தேதி வரை என்று முதலில் பாருங்கள். அடுத்து, மாதிரி எடுத்த இடங்களின் பட்டியலும் மாதங்களும். மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத் தரவே போதும் என்று நடைமுறை இடம் தருகிறது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளத்தைக் கண்ட பொழிச்சலூர்க்காரருக்கு, மார்ச் மாத ஆற்றை மட்டும் பார்த்து எழுதிய அறிக்கை எவ்வளவு குறைபாடானது என்று விளக்க வேண்டியதில்லை. கொசஸ்தலையாற்றின் கழிமுகத்துக்கும் இதே கதிதான்.

பொழிச்சலூர், பம்மல் பக்கமிருந்து ஆய்வகங்களுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மாதிரிப் புட்டியின் சீட்டில் தேதி, நேரம், இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, ஏற்றமா வற்றமா, எடுத்தவர் கையெழுத்து எல்லாம் இருக்கட்டும். நீங்கள் எடுக்காத மாதிரிக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். கள ஏட்டின் நகலை முறையாகக் கேட்டு வாங்கி வைத்திருங்கள். நாளை தரவு பொய் என்று வழக்கு வந்தால், உங்களைக் காப்பது அந்த ஏடுதான்.

புதிய துறைமுகமோ விரிவாக்கமோ வந்தால், பொது விசாரணைக்குக் குறைந்தது 30 நாள் முன்பே அறிவிப்பு வர வேண்டும்; தமிழ்ச் சுருக்கமும் மக்கள் பார்வைக்கு இருக்க வேண்டும். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கு 2021 ஜனவரியில் வைத்த விசாரணையும் 2023 செப்டம்பரில் வைத்த விசாரணையும் தள்ளிப்போயின. பொழிச்சலூர் கடலோரமில்லை என்றாலும், அங்கிருந்தும் திட்டத்தில் உரிய அக்கறை உள்ளவர் எழுத்துமூலம் கருத்து அனுப்பலாம்.

அனுமதி பெற்ற பிறகு ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை தர வேண்டும். அது பொது ஆவணம். விண்ணப்பித்தால் எவருக்கும் நகல் தர வேண்டும். தர மறுத்தால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. காமராஜர் துறைமுகம் அரசு நிறுவனம் என்பதால் அதனிடமே கேட்கலாம். தனியார் துறைமுகம் என்றால், கிண்டியிலுள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேளுங்கள்.

அனுமதியையே எதிர்ப்பதானால், சேப்பாக்கம் கலச மகாலில் இயங்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை ஏற்பார்கள். மற்ற சுற்றுச்சூழல் பிரச்சினைகளுக்கு ஆறு மாதம், இழப்பீட்டுக்கு ஐந்தாண்டு அவகாசம். வக்கீல் கட்டாயமில்லை. நிபந்தனை மீறல் பற்றிய மனு என்றால், அதனோடு அனுமதிக் கடித நகல், மீறப்பட்ட நிபந்தனையின் எண், அரையாண்டு அறிக்கையில் அதே நிபந்தனைக்கு எதிரே எழுதியிருக்கும் பதில், தேதியோடு எடுத்த புகைப்படம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள்.