மகன் பார்ப்பதும் குமாஸ்தா வேலைதான்!

“அண்ணாச்சி, மூத்தவன் என்ன வேலை பாக்கான்?”

“கம்ப்யூட்டர்ல ஏதோ பி.எச்.பி.ங்கான், லாரவெல்ங்கான். நமக்கு என்ன புரியுது?”

தாராவி, சயான், மாதுங்கா பக்கம் தமிழர்கள் கூடும் இடங்களில் இப்படிப்பட்ட பேச்சு காதில் விழுவது சகஜம். தந்தை 30 ஆண்டுகள் அலுவலகத்தில் பேரேடு எழுதியவர். மகனோ எந்நேரமும் திரைமுன் உட்கார்ந்திருக்கிறான். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று தந்தை நினைக்கிறார்.

அது தவறு. இரண்டும் ஏறக்குறைய ஒரே வேலைதான்!

பிறந்த கதை

பி.எச்.பி. என்பது கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதும் மொழி. கிரீன்லாந்தில் பிறந்தவர் ராஸ்மஸ் லெர்டார்ஃப். இணையத்தில் தாம் வைத்திருந்த சுயவிவரக் குறிப்பை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அறிவதற்காக 1994-ல் அவர் சில சிறு புரோகிராம்களை எழுதினார். 1995-ல் அவற்றை எல்லோருக்கும் கொடுத்தார். அதிலிருந்து வளர்ந்ததே இந்த மொழி.

நாளடைவில் ஒரு சங்கடம் தெரிந்தது. எந்த இணையதளம் கட்டினாலும் அதே வேலைகள் திரும்பத் திரும்ப வந்தன. படிவம் வாங்க வேண்டும், சரிபார்க்க வேண்டும், பதிவேட்டில் ஏற்ற வேண்டும், ரசீது அனுப்ப வேண்டும். ஒவ்வொருவரும் முதலிலிருந்து எழுதினால் நேரமும் வீண்; தவறும் மிகுதி. ஆகவே பொதுவான வேலைகளை முன்கூட்டியே எழுதிவைத்த ‘பிரேம்வொர்க்’குகள் தோன்றின. அமெரிக்கரான டெய்லர் ஆட்வெல் 2011-ல் வெளியிட்ட ‘லாரவெல்’ அவற்றுள் புகழ்பெற்ற ஒன்று.

அச்சடித்த படிவங்களும், ரப்பர் ஸ்டாம்பும், விதிப் புத்தகமும் தயாராக இருக்கும் அலுவலகம் போன்றது அது. புதிதாகச் சேரும் குமாஸ்தா நாற்காலியில் அமர்ந்த அன்றே வேலையைத் தொடங்கலாம்.

40 இருக்கை பஸ்

ஊர்க்காரர்களின் சங்கம் ஒன்று பொங்கலுக்காக மும்பையிலிருந்து நெல்லைக்கு 40 இருக்கை பஸ் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இடம் பதிவு செய்வது இணையதளம் மூலம். அதை லாரவெல்லில் செய்துகொடுக்கும் பொறுப்பு மகனுக்கு.

முதல் வேலை, வழிகாட்டுவது. பதிவுக்கு வருகிறவர் எந்த ஜன்னலுக்குப் போக வேண்டும், ரத்து செய்ய வருகிறவர் எந்த ஜன்னலுக்குப் போக வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதுகிறான். இதற்கு ‘ரூட்’ என்று பெயர்.

இரண்டாவது, பேரேட்டுக்குக் கோடு போடுவது. பெயர், வயது, இருக்கை எண், கட்டணம் என்று பத்திகளைக் குறித்துக் கட்டளை கொடுத்தால் பேரேடு தயார். பிறகு ஒரு பத்தியைக் கூட்ட வேண்டுமா? அமலுக்கு வந்த பழைய குறிப்பை அடித்துத் திருத்தக் கூடாது. தேதியிட்டுப் புதுக் குறிப்பு எழுத வேண்டும். எந்த நாளில் எந்த மாற்றம் நடந்தது என்பது அலுவலகக் கோப்பைப் போல் வரிசையாக நிற்கும். இதுதான் ‘மைக்ரேஷன்’.

கவுண்ட்டரில் சோதனை

மூன்றாவது, படிவத்தைச் சரிபார்ப்பது. பெயர் கட்டாயம், வயது எண்ணாக இருக்க வேண்டும், ஒரே மின்னஞ்சலில் இரண்டு பதிவு கூடாது. விதி ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் போதும். தவறு இருந்தால், இன்ன இடத்தில் தவறு என்று காட்டிப் படிவம் திரும்பி வரும். நிரப்பியவர் மறுபடியும் முதலிலிருந்து எழுதத் தேவையில்லாமல் செய்யவும் வழி உண்டு.

படிவத்தோடு ஓர் இரகசிய அடையாளச் சீட்டும் சேர்ந்து வரும். அது இல்லாத படிவம், வேறு எங்கிருந்தோ பயணியின் பெயரால் திருட்டுத்தனமாக வந்ததாக இருக்கலாம் என்று தள்ளப்படும். லாரவெல் தளங்களில் சில சமயம் ‘419’ என்ற எண்ணுடன் வரும் அறிவிப்பு இதுதான். படிவத்தைத் திறந்து வைத்துவிட்டு நெடுநேரம் கழித்து அனுப்பினாலும் சீட்டு காலாவதியாகி இந்த எண் வரும்.

களவு போன கடவுச்சொற்கள்

நான்காவது, பதிவேட்டைக் காப்பது. இதில் அசட்டையாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2009 டிசம்பரே சாட்சி. ராக்யூ என்ற அமெரிக்க நிறுவனத்திடம் இருந்த சுமார் 3 கோடியே 20 லட்சம் கடவுச்சொற்கள் களவு போயின. (அவற்றில் அதிகம் பேர் வைத்திருந்த கடவுச்சொல் ‘123456’!)

நடந்த தவறுகள் இரண்டு. வெளியார் எழுதி அனுப்பியதையும் பதிவேட்டுக்கு இடும் கட்டளையையும் தனித்தனியே வைக்கவில்லை. திருடன் தன் கட்டளையை அதற்குள் நுழைத்துவிட்டான். அடுத்து, கடவுச்சொற்களை மறைக்காமல் அப்படியே எழுதி வைத்திருந்தார்கள்.

லாரவெல் முறைப்படி எழுதினால் வந்தது வேறு, கட்டளை வேறு என்று பிரித்தே வைக்கும். கடவுச்சொல்லை அரைத்த மாவாக்கிச் சேமிக்கும். மாவைத் திரும்ப அரிசியாக்க முடியாதல்லவா? அடுத்த முறை அவர் வரும்போது, கொடுக்கும் சொல்லையும் அதேபோல் அரைத்து ஒப்பிட்டுப் பார்க்கும். ஆனால் அவசரத்துக்கு விதியை ஒதுக்கிவிட்டுக் கட்டளையைக் கையால் ஒட்டி எழுதினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

இன்னொரு தந்திரமும் உண்டு. படிவத்தில் கேட்காத பத்தியை ஒருவர் தாமே சேர்த்து, ‘கட்டணம்: 0’ என்று எழுதி அனுப்பினால்? வந்ததையெல்லாம் அப்படியே ஏற்றும் குமாஸ்தா அதையும் ஏற்றிவிடுவார்! கிட்ஹப் என்ற பெரிய தளத்திலேயே 2012 மார்ச்சில் இது நடந்தது. அங்கே இருந்தது ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற வேறு பிரேம்வொர்க். ரஷ்ய இளைஞர் ஒருவர் படிவத்தில் மற்றொருவரின் எண்ணைச் சேர்த்து அனுப்பி, தமக்கு உரிமையில்லாத இடத்தில் எழுதிக் காட்டினார். வெளியார் நிரப்பக்கூடிய பத்திகள் இவை மட்டுமே என்று லாரவெல்லில் பட்டியல் எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

ஒரே இருக்கை, இரண்டு பேர்

ஐந்தாவது வேலை ரிசர்வேஷன் கவுண்ட்டரைப் பார்த்தவர்களுக்கு நன்றாகப் புரியும். 40-வது இருக்கை மட்டும் பாக்கி. தாராவியில் ஒருவர், தானேயில் ஒருவர். இருவரும் ஒரே விநாடியில் பொத்தானைத் தட்டுகிறார்கள். ‘காலி இருக்கிறதா?’ என்று பார்த்தால் இருவருக்குமே ‘ஆம்’ என்றுதான் பதில். இரண்டு டிக்கெட் விழுந்துவிடும். சண்டை பஸ் புறப்படும் நேரத்தில்!

ஒருவர் கணக்கு முடியும்வரை அந்த வரியை மற்றவர் தொடாதபடி பூட்டி வைக்க வேண்டும். பாதியில் தடை ஏற்பட்டால் பதிவேட்டில் எழுதியது அனைத்தும் ரத்தாகிப் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். லாரவெல்லில் இரண்டுக்கும் வசதி இருக்கிறது. ஆனால் தானாக நடக்காது. மகன்தான் கேட்டு வாங்க வேண்டும். ஒருவர் மட்டும் சோதித்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். கூட்டம் வரும் நாளில்தான் குட்டு வெளிப்படும்.

இனிஷியல் படும் பாடு

இவ்வளவும் சரியாக அமைந்தும் ஒருவருக்கு டிக்கெட் கிடைக்காமல் போகலாம். காரணம், அவருக்குக் குடும்பப் பெயர் இல்லை!

மும்பைவாழ் தமிழருக்கு இது பழகிய தொல்லை. தந்தையின் பெயர் ஓர் எழுத்தாக முன்னால் நிற்கும், அவ்வளவுதான். படிவமோ ‘குடும்பப் பெயரை எழுதுக’ என்று மறிக்கும். ஓர் எழுத்தை இட்டால் ‘மிகவும் சிறியது’ என்று தள்ளும். சிலர் தந்தை பெயரை எழுதுகிறார்கள். சிலர் தம் பெயரையே இரண்டு முறை எழுதுகிறார்கள். பிறகு ஓர் அட்டையில் உள்ள பெயர் மற்றொன்றோடு பொருந்தாமல் அலைச்சல்.

எழுத்துக் கணக்கிலும் தகராறு உண்டு. ‘தமிழ்’ என்ற சொல்லில் நமக்கு 3 எழுத்து. கம்ப்யூட்டர் இகரக் குறியையும் புள்ளியையும் தனியே எண்ணி 5 என்கும். 20 எழுத்துக்கு மேல் கூடாது என்று விதி எழுதினால், தமிழில் எழுதும் நீண்ட பெயர் பாதியில் நின்றுவிடும்.

இதையெல்லாம் செய்வது லாரவெல் அல்ல. ‘கட்டாயம்’ என்ற விதியை எடுத்துவிட்டு ‘காலியாகவும் விடலாம்’ என்ற விதியை வைக்க ஒரே ஒரு சொல்தான் மாற வேண்டும். அந்தச் சொல்லை எழுதுவது மகன்.

எந்த விதி யாரைக் கவுண்ட்டரிலிருந்து திருப்பி அனுப்பும் என்று 30 ஆண்டுகள் கண்ட தந்தைக்குத் தெரியும். மகனுக்கு அது இன்னும் தெரியாமல் இருக்கலாம். இன்றிரவு சாப்பிட உட்காரும்போது கேட்டுப் பாருங்கள்: “ஏலே, குடும்பப் பெயர் இல்லாத ஆள் வந்தா உன் படிவம் என்ன செய்யும்?”