உப்புக் காற்றில் கேன்வாஸ் படம்

மரக்காணம் போன்ற கடலோர ஊர்களில் பிரேம் போட்ட படங்களுக்கு முதல் எதிரி ஈரம். கண்ணாடிக்குள் ஈரம் புகுந்தால் தாத்தா, பாட்டியின் முகம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் கிழியும். அதனால்தான் கண்ணாடியே வேண்டாத கேன்வாஸில் படத்தை ஒட்டி மாட்டுவது நல்ல யோசனை. ஆனால் அவசரப்பட்டு ஒட்டினால் சில நாளிலேயே கொப்புளமும் சுருக்கமும் கிளம்பிவிடும்.

பசையின் ஈரம் பட்டதும் காகிதம் விரியும், காயும்போது சுருங்கும். கேன்வாஸ் துணியோ காற்றின் ஈரத்துக்கேற்பத் தளர்ந்து இறுகும். இரண்டும் ஒரே அளவில் அசைவதில்லை. போதாக்குறைக்கு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானாகவே கசியும். துணியில் படிந்த உப்புத்தூசியைத் துடைக்காமல் ஒட்டினால், அது படத்துக்கு அடியில் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

உப்பளத்தில் உப்பு விளைய ஏற்ற நாளே படம் ஒட்டவும் ஏற்ற நாள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். கோடையில், கடற்காற்று ஏறுவதற்கு முந்தைய முற்பகல் பொழுது நல்லது. அடுக்களை ஜாடியில் உப்பு கசிந்திருந்தால் அன்றைக்கு ஒட்டாதீர்கள்.

முதலில் கேன்வாஸில் ஜெசோ என்ற அடிப்பூச்சை இரண்டு கை பூசி, காய்ந்ததும் நைஸ் உப்புத்தாளால் தேயுங்கள். இல்லாவிட்டால் துணியின் நெசவு முகத்தில் தெரியும். துணி தொய்யாமலிருக்க அடியில் அட்டை கொடுங்கள். பிரிண்டின் ஓரத்தில் ஈரவிரலை வைத்துப் பாருங்கள்; மை கலைந்தால் அந்தப் பிரிண்ட் தண்ணீர்ப் பசைக்கு ஆகாது. அக்ரிலிக் மீடியத்தையோ ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையையோ கேன்வாஸிலும் படத்தின் முதுகிலும் மெல்லிசாக, மூலை விடாமல் தடவுங்கள். ஒரு விளிம்பைப் பொருத்தி, மீதியை மெல்ல இறக்குங்கள். மேலே பட்டர் பேப்பர் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ரோலரால் தள்ளுங்கள். பிறகு செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், கண்ணுக்குத் தப்பிய காற்றுக்குமிழ் நிழலாகத் தெரியும். பசை இளகியிருக்கும்போதே அதை ஓரத்துக்கு நகர்த்திவிடலாம். இரவு முழுக்கப் புத்தகங்களைப் பாரம் வையுங்கள். ஸ்டுடியோ லேப் பிரிண்டில் பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் ஈரம் துணி வழியாகத்தான் வெளியேறும். ஆகவே பாரத்தையும் அடியில் கொடுத்த அட்டையையும் எடுத்தபின் சில நாள் கேன்வாஸின் முதுகு காற்றாடட்டும். நன்றாகக் காய்ந்த பிறகே வார்னிஷ்.

படத்தை ஒட்டுவது புதிய பழக்கமல்ல. 1858இல் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்த லின்னேயஸ் டிரைப் காலத்துப் பிரிண்டுகள் மெல்லிய தாளில் இருந்தன. சுருளாமலிருக்க அவற்றைக் கெட்டி அட்டையில் ஒட்டினார்கள். அந்தக் காலத்து மாவுப்பசை தண்ணீருக்கு இளகும். இன்றைய வெள்ளைப் பசை காய்ந்துவிட்டால் படத்தைப் பழுதில்லாமல் பிரிக்கவே முடியாது.

மரக்காணத்துக்குத் தெற்கே, புதுச்சேரியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடி ஸ்கேன் செய்து பாதுகாத்திருக்கிறது. வீட்டிலும் அந்த வழிதான் சரி. 2004 சுனாமியையும் 2011 தானே புயலையும் கண்ட கரை இது. பசை டப்பாவைத் திறக்குமுன் பழைய படத்தை ஸ்கேன் செய்யுங்கள். நகலை மட்டும் கேன்வாஸில் ஒட்டுங்கள். அசலை ஈரம் அண்டாத இடத்தில் பத்திரப்படுத்துங்கள்.