அவியலில் கொதித்த ராக்

90-களின் மேற்கத்திய 'மாற்று ராக்' இசை திருவனந்தபுரத்தில் மலையாளம் பேசத் தொடங்கியது. அதனால் எழுந்த வாதம் இன்னும் ஓயவில்லை. அந்த வாதத்தில் தமிழுக்கும் ஒரு பங்கு உண்டு.

பெயரைக் கேட்டதும் பந்தி இலைதான் நினைவுக்கு வரும். சேனை, வாழைக்காய், முருங்கை, புடலை என்று கிடைத்த காய்களையெல்லாம் நீளவாக்கில் நறுக்கி, தேங்காயும் பச்சை மிளகாயும் சீரகமும் அரைத்துச் சேர்த்து, இறக்கும்போது பச்சைத் தேங்காய் எண்ணெய் விடுகிற அவியல். நாகர்கோவில்காரர்களும் திருநெல்வேலிக்காரர்களும் கேரளத்தோடு பங்கு போட்டுக்கொள்ளும் பதார்த்தம். 2003-ல் திருவனந்தபுரத்தில் உருவான ஒரு ராக் குழு இந்தப் பெயரைத்தான் தனக்குச் சூட்டிக்கொண்டது. கிடார், டிரம்ஸ், சிந்தசைஸர், இசைத்தட்டுச் சுழற்றி என்று கருவிகள் எல்லாம் மேல்நாட்டுச் சரக்கு. பாட்டு மட்டும் சுத்த மலையாளம்.

டோனி ஜான், ரெக்ஸ் விஜயன், மிதுன் புத்தன்வீட்டில் ஆகியோரை முன்னணியில் கொண்ட இந்தக் குழு முதலில் 'நட நட' என்ற பாட்டால் கவனத்தைக் கவர்ந்தது. 2008-ல் குழுவின் பெயரிலேயே ஆல்பம் வெளிவந்தது. கல்லூரி விடுதிகளிலும் தேநீர்க் கடைகளிலும் உடனே இரண்டு கட்சிகள் கிளம்பிவிட்டன. கடைசியில் நம் பாஷையில் ஒரு ராக் வந்துவிட்டது என்று கொண்டாடியது ஒரு கட்சி. இது ராக்கும் இல்லை, நாட்டுப்பாட்டும் இல்லை, இரண்டும் கெட்டான் என்று முகம் சுளித்தது இன்னொன்று. இந்தச் சண்டையைப் புரிந்துகொள்ள 1991-க்குப் போக வேண்டும்.

சியாட்டில் புயல்

அந்த ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் நிர்வானா குழு 'நெவர்மைண்ட்' என்ற ஆல்பத்தை வெளியிட்டது. சியாட்டில் நகரைச் சுற்றி வளர்ந்த இசை அது. அதே ஆண்டில் வந்த பேர்ல் ஜாம் குழுவின் 'டென்' ஆல்பமும் அந்த ஊர்ச் சரக்குதான். பளபளக்கும் உடை இல்லை, மேடைச் சாகசம் இல்லை. கசங்கிய சட்டை, கலைந்த தலை, முணுமுணுப்பாக ஆரம்பித்துத் திடீரென்று கூச்சலாக வெடிக்கும் பாட்டு. கிடார் ஒலியை வேண்டுமென்றே கரகரக்க வைப்பது அதன் பாணி. பெரிய கம்பெனிகளின் பளிங்கு இசைக்கு இது மாற்று என்ற பொருளில்தான் 'ஆல்டர்நேட்டிவ்' என்ற பெயர் நிலைத்தது.

வேடிக்கை என்னவென்றால், 1992 ஜனவரியில் இந்த மாற்று, மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தையே அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்திலிருந்து தள்ளிவிட்டது. எல்லாரும் வாங்குகிற ஒன்றை மாற்று என்று எப்படிச் சொல்வது? விலை போய்விட்டார்கள் என்று பழைய ரசிகர்கள் பொருமினார்கள். குழுவே அந்தச் சங்கடத்தில் தவித்தது. 1993-ல் வந்த 'இன் யூட்டரோ' ஆல்பத்தை வேண்டுமென்றே முரட்டுத்தனமாகப் பதிவு செய்தார்கள். 1994 ஏப்ரலில் பாடகர் கர்ட் கோபேன் 27 வயதில் தற்கொலை செய்துகொண்டார். வாதம் மட்டும் சாகவில்லை: மாற்று என்றால் எதற்கு மாற்று?

டிஷ் வழியே வந்த விருந்தாளி

இந்தியாவில் அந்தக் கேள்வி டிஷ் ஆன்டெனா வழியாக இறங்கியது. 1991-ல் ஸ்டார் டி.வி.யோடு எம்.டி.வி. வந்தது. 1994-ல் சேனல் வி, 1996-ல் எம்.டி.வி.யின் இந்தியப் பதிப்பு. கேசட்டுகள் கைமாறின. ஒரே கேசட்டை நாலு பேர் பிரதி எடுத்தார்கள். 1993-ல் அலகாபாத்திலிருந்து அமித் சைகல் 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். மும்பையின் 'இண்டிபெண்டன்ஸ் ராக்' விழா 1986-லிருந்தே நடந்துவந்தது.

கேரளம் இதில் பின்தங்கியிருக்கவில்லை. கொச்சியின் '13 ஏ.டி.' குழு 1977-லேயே உருவானது. அதன் 'கிரவுண்ட் ஜீரோ' 1990-லும், 'டஃப் ஆன் தி ஸ்ட்ரீட்ஸ்' 1993-லும் வந்தன. 1996-ல் அதே கொச்சியில் 'மதர்ஜேன்' பிறந்தது. அதன் கிடார் கலைஞர் பைஜு தர்மஜன் கர்நாடக சங்கீதத்தின் கமகங்களைக் கிடார் கம்பியில் வளைத்துக் காட்டினார். வாசிப்பில் மண்வாசனை வந்துவிட்டது. ஆனால் இவர்கள் எல்லாரும் பாடியது ஆங்கிலத்தில்.

அன்றைய ரசிகர்களுக்கு அது இயல்பாகவே பட்டது. ராக் என்றால் ஆங்கிலம், தாய்மொழி என்றால் சினிமாப் பாட்டு. இந்தப் பாகப்பிரிவினையை யாரும் பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை. கேட்டவர்கள் இல்லாமல் இல்லை. கொல்கத்தாவில் 'மொஹினேர் கோராகுலி' குழு 1970-களிலேயே வங்காளத்தில் பாடியது. டெல்லியின் 'இண்டியன் ஓஷன்' 90-களில் இந்தியில் பாடத் துணிந்தது. தென்னாட்டில்தான் தயக்கம் நீடித்தது.

காரணம் சோம்பல் மட்டுமல்ல. ஆங்கிலம் அழுத்தத்தால் நடக்கும் மொழி. சொல்லின் ஒரு பகுதியில் ஓங்கி அடித்தால் அதன் மேல் டிரம்ஸ் உட்கார்ந்துவிடும். மலையாளமும் தமிழும் குறில் நெடில் அளவால் நடப்பவை. நெடிலை அடித்துக் குறுக்கினால் சொல் நசுங்கும், குறிலை இழுத்தால் பொருளே மாறும். படமும் பாடமும் ஒன்றாகிவிடும். அதனால்தான் மேல்நாட்டு மெட்டில் தாய்மொழி வரிகளைத் திணித்த பல முயற்சிகள் மொழிபெயர்ப்பு விளம்பரம் போல ஒலித்தன.

அவியல் குழு இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தது. உண்மையில் அது பழைய வழி. தாளத்தோடேயே பிறந்த பாட்டுகள் நாட்டில் ஏற்கெனவே இருந்தன. நாற்று நடும்போது பாடும் பாட்டு, வண்டிக்காரன் பாட்டு, கோயில் முற்றத்துக் கூத்துப் பாட்டு. உடல் உழைப்பின் அசைவுக்கு ஏற்பச் சொற்கள் அடுக்கப்பட்டவை அவை. அந்த நடையைப் பிடித்துக்கொண்டால் டிரம்ஸ் தானாகப் பின்னால் வரும். 'நட நட' என்ற தலைப்பே தமிழனுக்கும் உரை தேவைப்படாத ஒன்று. இரண்டு குறில், மறுபடி இரண்டு குறில். சொல்லிப் பார்த்தாலே கால் அசையும்.

பாம்பு வந்த பாதை

ஆல்பத்தில் தமிழ் வாசகர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டிய பாட்டு ஒன்று உண்டு: 'ஆடு பாம்பே'. பாட்டின் வரிகள் ஸ்ரீ நாராயண குருவின் 'குண்டலினிப் பாட்டு' என்ற படைப்பிலிருந்து எடுத்தவை. உடலுக்குள் சுருண்டு கிடக்கும் குண்டலினி சக்தியைப் பாம்பாக உருவகித்து, எழுந்து ஆடச் சொல்கிற பாட்டு.

இதே அழைப்பைத் தமிழ்நாட்டில் கேட்டிருக்கிறோம். பாம்பாட்டிச் சித்தரின் பாடல்கள் பாம்பை ஆடச் சொல்லியே முடிகின்றன. கோவையை அடுத்த மருதமலையில் அவர் பெயரில் குகை இருக்கிறது. சாத்திரத்தையும் சடங்கையும் கிண்டல் செய்து, எளிய ஜனங்களின் சொல்லில், தாளத்தோடு பாடிய கூட்டம் சித்தர்கள்.

அந்தப் பாம்பு மலை தாண்டி எப்படி மலையாளத்துக்குப் போனது என்பது பெரிய மர்மம் அல்ல. திருவனந்தபுரத்தை ஒட்டிய செம்பழந்தியில் பிறந்த நாராயண குரு தமிழ் நன்கு கற்றவர். திருக்குறளின் சில பகுதிகளையும் 'ஒழிவிலொடுக்க'த்தையும் மலையாளத்தில் தந்தவர், தமிழிலேயே தேவாரப் பதிகங்கள் எழுதியவர். அவருக்கு யோகம் கற்பித்த தைக்காட்டு அய்யா தமிழர். திருவனந்தபுரம் ரெசிடென்சியில் வேலை பார்த்தவர். சாதி பார்க்காமல் சீடர்களைச் சேர்த்தவர். 1888-ல் அருவிப்புறத்தில் ஈழவர் குலத்தில் பிறந்த குரு தன் கையால் சிவலிங்கத்தைப் பிரதிஷ்டை செய்தபோது, மேல்சாதி அதிகாரம் ஆடிப்போனது. மாற்று என்ற சொல்லுக்கு சியாட்டிலுக்கு நூறாண்டு முன்பே இந்த ஊரில் பொருள் சொல்லியாகிவிட்டது.

'நட' என்ற சொல்லும் இந்த மண்ணில் சாதாரணச் சொல் அல்ல. திருவனந்தபுரத்தை அடுத்த வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி, 1893-ல் புலையர்களுக்கு மறுக்கப்பட்ட பொதுச் சாலையில் வில்வண்டி ஓட்டிப் போனார். தெருவில் நடக்கும் உரிமைக்காகத்தான் 1924-ல் வைக்கத்தில் போராட்டம் மூண்டது. பெரியார் சிறை சென்றதும் அதற்காகவே. திருவிதாங்கூரில் கோயில் கதவு 1936 நவம்பர் 12-ல்தான் எல்லாருக்கும் திறந்தது. பாட்டு இதையெல்லாம் சொல்லவில்லை. ஆனால் கேட்கிறவர் காதில் இதெல்லாம் சேர்ந்து ஒலிப்பதை யாராலும் தடுக்க முடியாது.

யாருடைய பாட்டு?

எதிர்க்கட்சியின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. வயலில் வெயிலில் நின்றவர்கள் பாடிய பாட்டை, குளிரூட்டிய ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசிப்பது மரியாதையா, கொள்ளையா? இதுதான் அவர்களின் கேள்வி. கிடாரின் இரைச்சலில் சொல் அமுங்கிவிடுகிறது, மேடையில் குதிக்கிற கூட்டத்துக்குப் பாட்டின் வலி தெரிவதில்லை என்பது குற்றச்சாட்டின் மறுபாதி.

சட்டம் இதில் அரைகுறையாகவே உதவுகிறது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின்படி ஒரு பாடலாசிரியரின் உரிமை அவர் வாழ்நாளுக்குப் பின் 60 ஆண்டுகள் நீடிக்கும். ஆல்பத்தில் உள்ள 'கருகர' பாட்டுக்கு ஓர் ஆசிரியர் உண்டு: காவாலம் நாராயணப் பணிக்கர். 1979-ல் ஜி. அரவிந்தன் எடுத்த 'கும்மாட்டி' படத்தில் வந்த பாட்டு அது. குரு மறைந்தது 1928-ல் என்பதால் அவர் பாட்டு இன்று எல்லாருக்கும் பொது. ஆனால் நாற்று நட்டபடியே பாட்டுக் கட்டிய பெண்ணுக்குச் சட்டத்தில் பெயரே இல்லை. பெயர் இல்லாதவருக்குப் பங்கும் இல்லை. இது ஒரு குழுவின் குற்றம் அல்ல. நாட்டுப்பாடலை எடுத்தாண்ட சினிமா இசையமைப்பாளர்கள் அத்தனை பேருக்கும் பொருந்தும் கணக்கு. ஆனாலும் மாற்று என்று பெயர் வைத்துக்கொண்டவர்களிடம் இந்தக் கேள்வி கொஞ்சம் உரக்கவே கேட்கப்படும். கேட்கப்படவும் வேண்டும்.

மூன்றாவது வாதம் சினிமாவைப் பற்றியது. சினிமாவுக்கு மாற்றாக வந்தவர்களைச் சினிமாவே அழைத்துக்கொண்டது. 2011-ல் வந்த 'சால்ட் அண்ட் பெப்பர்' படத்தில் அவியல் குழுவின் பாட்டு இடம்பெற்றது. அதே ஆண்டு 'சாப்பா குரிசு', அடுத்த ஆண்டு '22 ஃபீமேல் கோட்டயம்' என்று ரெக்ஸ் விஜயன் இசையமைப்பாளராகவே ஆகிவிட்டார். நிர்வானாவின் கதைதான், ஊர் மட்டும் வேறு. விலை போய்விட்டார்கள் என்று இங்கும் சிலர் சொன்னார்கள். ஆனால் 2010-களின் மலையாளப் படங்களில் கிடார் ஒலி மாறியதற்கு இவர்களும் ஒரு காரணம். கோட்டைக்குள் போனவர் கோட்டையை மாற்றினாரா, கோட்டை அவரை மாற்றியதா என்று எடை போட்டால் முள் ஒரு பக்கமாகச் சாயாது.

கதவு திறந்ததில் மட்டும் சந்தேகம் இல்லை. 2013-ல் தொடங்கிய கப்பா டி.வி.யின் இசை நிகழ்ச்சிகள் வழியாகத் 'தைக்குடம் பிரிட்ஜ்' போன்ற குழுக்கள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. மலையாளத்தில் ராக் பாடுவது அதற்குள் விசித்திரமாகத் தெரியவில்லை.

தமிழ்நாட்டிலும் இதே கேள்வி வேறு உருவில் வந்தது. 2018 ஜனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடை ஏறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த குழு அது. கானா, ராப், ராக் மூன்றும் ஒரே மேடையில் நின்றன. ஒரு முக்கியமான வித்தியாசம்: வடசென்னையின் கானாவைக் கானாப் பாடகர்களே வந்து பாடினார்கள். யாருடைய பாட்டு என்ற கேள்விக்குக் கிடைத்த நேரடியான பதில் அது.

விவாதத்தில் சேர விரும்புகிறவர்களுக்கு ஒரு எளிய வழி உண்டு. முதலில் பாம்பாட்டிச் சித்தரை வாய்விட்டுப் படியுங்கள். அடுத்து குருவின் குண்டலினிப் பாட்டை யாராவது மெதுவாகப் பாடிக் கேளுங்கள். 'நெவர்மைண்ட்' ஆல்பத்தின் முதல் பாட்டை ஒரு தடவை ஓட்டுங்கள். கடைசியாக 'ஆடு பாம்பே'. நான்கையும் கேட்டபின் ஆல்பம் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். ஆனால் ராக் என்பது நமக்கு வந்த விருந்தாளி, நாட்டுப்பாட்டு என்பது வீட்டுக் கிழவி என்ற பழைய பிரிவினை மட்டும் நிற்காது. கிழவிக்கு அந்தத் தாளம் முன்பே தெரியும்.