என் பஸ் போகும் வழியில் விளைந்த புத்தகங்கள்

மருந்துக்கடையில் நான் எழுதும் ஆர்டர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். இனிமேல் படிக்க வேண்டிய புத்தகங்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. அதிகம் விற்றவை, எல்லோரும் பேசுபவை என்று நான் எதையும் சேர்க்கவில்லை. எல்லாமே எங்கள் திண்டுக்கல் மாவட்டத்து மண்ணைச் சேர்ந்தவை. வீடு திண்டுக்கல்லில், வேலை வத்தலக்குண்டில். பேகம்பூர், செம்பட்டி என்று தினமும் நான் போய்வரும் தடத்தில்தான் இந்தப் பட்டியலின் பெரும்பகுதி விளைந்திருக்கிறது.

தொடங்கி வைத்தது சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’. மெல்லிய புத்தகம், பஸ்ஸிலேயே படித்து முடித்தேன். தன் தகப்பனைக் குத்திச் சாய்த்த ஜமீன்தாரின் காரிக் காளையை அடக்கவென்றே பிச்சி என்ற இளைஞன் வருகிறான். ஒரே நாளின் ஜல்லிக்கட்டுதான் கதை. கடைக்கு வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கல்லாப் பக்கம் கிடந்த புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். “என்னம்மா, இவரு நம்ம ஊருல வளர்ந்தவருல்ல! இவரு மட்டுமா? ராமையா, ராஜமய்யர் எல்லாம் நம்ம ஊருதான்” என்றார். பிரஷர் மாத்திரையை வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார். நான் அன்று சாயங்காலமே நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி எழுத ஆரம்பித்தேன்.

முதல் பெயர் பி.ஆர். ராஜமய்யரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’. தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-ல் வந்தது. அதற்கு அடுத்தபடியாக எல்லோரும் சொல்வது இதைத்தான். 1872-ல் வத்தலக்குண்டில் பிறந்த ராஜமய்யர், ‘விவேக சிந்தாமணி’ இதழில் 1893-ல் இதைத் தொடராக எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்தொன்றுதான். பிறகு சென்னையிலிருந்து வந்த ‘பிரபுத்த பாரதா’ என்ற ஆங்கில வேதாந்த இதழுக்கு ஆசிரியரானார். 1898-ல் இருபத்தாறு வயதில் இறந்துபோனார். அந்த இதழ் இமயமலைப் பக்கம் இடம் மாறி இன்றைக்கும் வந்துகொண்டிருக்கிறது. ஊர் வாயில் புரளும் ஒரு வதந்தி ஒரு குடும்பத்தை என்ன பாடு படுத்துகிறது என்பதுதான் நாவலின் மையம் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். மருந்துக்கடையில் நிற்கும் எனக்கு ஊர்ப்பேச்சின் வேகம் தெரியும். யார் என்ன மாத்திரை வாங்கினார்கள் என்பது மறுநாள் என்னவாகத் திரும்பி வரும் என்பதும் தெரியும். நூற்றிமுப்பது வருஷத்துக்கு முந்தைய இந்தப் பகுதியின் பேச்சை, இருபத்தொரு வயதுப் பையன் ஒருவன் காது கொடுத்துக் கேட்டு எப்படி எழுதியிருப்பான் என்று பார்க்க ஆசைப்படுகிறேன்.

இரண்டாவது, பி.எஸ். ராமையாவின் ‘மணிக்கொடி காலம்’. 1933-ல் வார இதழாகத் தொடங்கிய ‘மணிக்கொடி’, 1935-ல் ராமையாவின் பொறுப்பில் சிறுகதைக்கென்றே நடக்கும் பத்திரிகையாக மாறியது. புதுமைப்பித்தன், கு.ப.ரா., மௌனி என்று இன்று நாம் மரியாதையோடு சொல்லும் பெயர்கள் அதில் எழுதின. அந்த நாட்களை ராமையாவே திரும்பிப் பார்த்து எழுதிய நூல் இது. 1982-ல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. அடுத்த ஆண்டு அவர் காலமானார். கதைகளை நாம் படித்துவிடுகிறோம். காகிதத்துக்குக் காசு புரட்டி, எழுத்தாளர்களைத் துரத்திக் கதை வாங்கி, ஒரு இதழை அச்சுக்கு அனுப்பும் பாடு யார் கண்ணிலும் படுவதில்லை. அந்தப் பாட்டைப் பட்டவரின் வாயாலேயே கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் புத்தகம்.

மூன்றாவது மறுபடியும் செல்லப்பா. ‘சுதந்திர தாகம்’, மூன்று பாகங்கள். காந்தி காலத்துப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர் அவர். 1959 முதல் 1970 வரை ‘எழுத்து’ பத்திரிகையைக் கைக்காசைப் போட்டு நடத்தியவர். தமிழில் புதுக்கவிதை வேரூன்றியது அந்தப் பக்கங்களில்தான். தான் போட்ட புத்தகங்களைத் தானே சுமந்துபோய்க் கல்லூரி கல்லூரியாக விற்றிருக்கிறார். எண்பதைத் தாண்டிய வயதில் இவ்வளவு பெரிய நாவலையும் தானே வெளியிட்டார். 1998-ல் அவர் மறைந்த பிறகு, 2001-ல் சாகித்ய அகாதமி விருது வந்தது. சிறைக்குப் போன ஒருவர், அந்தக் காலத்தை ஆயுள் முழுக்க மனதில் வைத்திருந்து கடைசியில் எழுதினால் அதில் கோபம் மிஞ்சியிருக்குமா, நிதானம் மிஞ்சியிருக்குமா? இந்தக் கேள்விதான் அந்தத் தடிமனான மூன்று பாகங்களையும் நோக்கி என்னை இழுக்கிறது.

நான்காவது புத்தகம் எங்கள் வீட்டைத் தொடுகிறது. டி. செல்வராஜ் எழுதிய ‘தோல்’. திருநெல்வேலிப் பக்கம் பிறந்து திண்டுக்கல்லில் வழக்கறிஞராக வாழ்ந்தவர் அவர். எங்கள் ஊர்த் தோல் ஷாப் தொழிலாளிகளின் வாழ்க்கையும் அவர்கள் சங்கமாகத் திரண்டதும்தான் நாவல். 2012-ல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. என் தாத்தா தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை பார்த்தவர். உப்புப் போட்ட தோலை ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு, மயிர் நீக்கி, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் பதப்படுத்துவார்கள். சுண்ணாம்பு அவருடைய விரலிடுக்குகளை அரித்துப் புண்ணாக்கிவிடும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் அவர் எதுவும் சொன்னதில்லை. திண்டுக்கல் என்றால் பூட்டையும் பிரியாணியையும் எல்லோரும் சொல்கிறார்கள். அந்தக் குழியில் நின்ற கால்களைப் பற்றி ஒருவர் நாவலே எழுதியிருக்கிறார் என்பது எனக்குப் பெரிய மரியாதையாகப் படுகிறது. இந்த ஒன்றை மட்டும் நான் தனியாகப் படிக்கப்போவதில்லை. அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவேன். எது சரி, எது விடுபட்டது என்று அவர் சொல்லட்டும்.

ஐந்தாவது, பழநி சாலையைச் சேர்ந்தது. வரலாற்றாசிரியர் கே. ராஜய்யன் 1800–1801-ல் நடந்த தென்னிந்தியக் கிளர்ச்சியைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி 1971-ல் வெளிவந்த ஆய்வு நூல். ஒட்டன்சத்திரத்தைத் தாண்டினால் வரும் விருப்பாட்சியின் பாளையக்காரர் கோபால் நாயக்கர், அந்தக் கிளர்ச்சியில் திண்டுக்கல் பகுதியின் கூட்டணிக்குத் தலைவர். கணவரை இழந்த ராணி வேலுநாச்சியாருக்கு அடைக்கலம் தந்த ஊர் விருப்பாட்சி. 1801-ல் கோபால் நாயக்கரைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் தூக்கிலிட்டார்கள். முதல் சுதந்திரப் போர் என்றால் 1857 என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோம். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன் நம் மலையடிவாரத்தில் என்ன நடந்தது என்பதை ஆவணங்களோடு படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சொந்த ஊரைப் பற்றி மட்டும் படித்தால் மனசு குறுகிவிடாதா என்று என் தோழி கேட்டாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிசிஸ்’ டப்ளின் நகரத்தில் 1904 ஜூன் 16 என்ற ஒரே நாளில் நடக்கும் கதை. வருஷா வருஷம் அந்தத் தேதியில் வாசகர்கள் எங்கெங்கிருந்தோ வந்து, கதை நடந்த தெருக்களில் நடக்கிறார்கள். ஒரு ஊரை ஆழமாக எழுதிய புத்தகம்தான் உலகத்தையே அந்த ஊருக்கு அழைத்து வருகிறது. வத்தலக்குண்டில் அப்படி யாராவது வந்து இறங்கி ராஜமய்யரைப் பற்றிக் கேட்டால், உள்ளூர்க்காரர்களில் எத்தனை பேரால் பதில் சொல்ல முடியும்? நான் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன்.

உங்கள் ஊருக்கும் இப்படி ஒரு பட்டியல் இருக்கும். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்ற சிறிய கிராமம் கி. ராஜநாராயணனையும் கு. அழகிரிசாமியையும் தந்திருக்கிறது. உங்கள் ஊர் நூலகரிடம் போய், “நம்ம ஊரைப் பத்தி யாரெல்லாம் எழுதியிருக்காங்க?” என்று கேளுங்கள். புத்தகத் திருவிழாவுக்குப் போனாலும் கடைக்காரரிடம் இதையே முதல் கேள்வியாகக் கேளுங்கள். பதிப்பில் இல்லாத புத்தகத்தை வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்டால்தான் யாராவது மறுபடி அச்சிடுவார்கள். நாம் கேட்காமல் விட்டால், நம் ஊரைப் பற்றி எழுதியவர்கள் நமக்கே தெரியாமல் போய்விடுவார்கள்.