தாளம் தவறியது யாரால்?

வீடியோ விளையாட்டு என்றதும் கார்ப் பந்தயமும் துப்பாக்கிச் சண்டையும்தானே உங்கள் நினைவுக்கு வரும்? தாளத்தையே ஆட்டமாகக் கொண்டவையும் உண்டு. 1996-இல் ஜப்பானில் வெளிவந்த 'பாரப்பா த ராப்பர்' ஆட்டத்தில், காகிதம்போல் தட்டையான ஒரு நாய்க்குட்டி பாடும். ஆடுபவர் தாளத்திற்கேற்பப் பொத்தான்களை அழுத்தவேண்டும். 1998-இல் கொனாமி நிறுவனத்தின் 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்' பொத்தான்களைக் காலடிக்கே கொண்டுவந்துவிட்டது! (எனக்குப் பிடித்தது இதுதான், உடற்பயிற்சியும் ஆகிறதல்லவா?) 2005-இல் வந்த 'கிட்டார் ஹீரோ'வில் தந்தியில்லாத பிளாஸ்டிக் கிட்டார். 2018-இல் அறிமுகமான 'பீட் சேபர்' ஆட்டத்திலோ, கண்களை மூடும் திரைக்கருவியை அணிந்துகொண்டு, பறந்துவரும் கட்டைகளை ஒளிவாளால் வெட்டவேண்டும்.

இதில் இயற்பியல் எங்கே வந்தது என்கிறீர்களா? சரியான நேரத்தில்தான் அழுத்தினீர்கள். ஆனால் 'தவறு' என்கிறது திரை. தவறு யாருடையது?

நிமிடத்திற்கு 120 தட்டு உள்ள பாட்டில் இரு தட்டுகளுக்கிடையே 500 மில்லி விநாடி இருக்கும். மூன்று மீட்டர் தள்ளியுள்ள ஒலிபெருக்கியிலிருந்து ஒலி உங்களை அடைய ஏறத்தாழ 9 மில்லி விநாடி ஆகும். இது பெரிதல்ல. ஆனால் தொலைக்காட்சி, படத்தைச் சீர்செய்து காட்டுவதற்குச் சிறிது நேரம் எடுத்துக்கொள்கிறது. கம்பியில்லாக் காதொலிப்பானில் 100 மில்லி விநாடிக்கு மேலும் தாமதமாகலாம். நாமோ ஒலியைக் கேட்டபின் தட்டுவதில்லை; அடுத்த தட்டை எதிர்பார்த்து, பெரும்பாலும் சற்றே முந்தித் தட்டுகிறோம்!

இதற்கு ஓர் எளிய வழி உண்டு. தினமும் சரியாகப் பத்து நிமிடம் தாமதமாக வரும் பேருந்தால் தொல்லையில்லை. நாமும் பத்து நிமிடம் கழித்துப் போகலாம். அதுபோல, ஆட்டம் முதலில் ஓர் ஒலியை எழுப்பி அதற்கேற்பத் தட்டச் சொல்கிறது. சராசரித் தாமதத்தை அளந்து, பின்னர் ஒவ்வொரு தட்டிலும் அதைக் கழித்துவிடுகிறது. 2008-இல் வந்த 'ராக் பேண்ட் 2' கிட்டாரிலோ ஒளியுணரியும் ஒலிவாங்கியும் பொருத்தப்பட்டிருந்தன. இந்த அளவீட்டைக் கருவியே செய்துகொண்டது.

பாட்டு முழுவதும் முன்பே கருவியின் நினைவகத்தில் இருப்பதால்தான் இது இயல்கிறது. டோக்கியோவில் ஒருவர், லண்டனில் ஒருவர். இருவரும் அவ்வப்போது தோன்றும் தாளத்தைச் சேர்ந்து வாசிக்க விரும்பினால்? இடைத்தொலைவு ஏறத்தாழ 9,600 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் செல்லும். ஒரு வழிப் பயணத்திற்கே 48 மில்லி விநாடி! இழை நேர்க்கோட்டில் செல்லாததால் உண்மையில் இன்னும் கூடும். இன்னும் பிறக்காத தட்டுக்கு எதிலிருந்து எதைக் கழிப்பது? ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்க, தாளம் மெல்ல மெல்லத் தளர்ந்துவிடும். எவ்வளவு வேகமான கணிப்பொறி வந்தாலும் ஒளியின் பயணநேரத்தைக் குறைக்க முடியாது.

ஆகவே சில இசை மென்பொருள்கள் தாமதத்தைக் குறைக்காமல், ஒரு முழுத் தாளச் சுற்றாக நீட்டிவிடுகின்றன! உங்கள் நண்பர் சென்ற சுற்றில் வாசித்ததைக் கேட்டுக்கொண்டே இந்தச் சுற்றை நீங்கள் வாசிப்பீர்கள், அவரும் அப்படியே.